தற்செயலும் புழுங்கலரிசியும்

நம்பிக்கை: பெரிய அறிவியல் கண்டுபிடிப்புகள் தற்செயலாகக் கிடைத்தவை.

இதற்குச் சான்றாகப் பலரும் சொல்வது இயற்பியலாளர் பெக்கரலின் கதை. 1896 பிப்ரவரி இறுதியில் பாரிஸில் வெயில் இல்லை. கறுப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டை யுரேனிய உப்போடு சேர்த்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். மார்ச் 1 அன்று கழுவிப் பார்த்தால், வெயிலே படாத தகட்டில் அழுத்தமான தடம். கதிரியக்கம் இப்படித்தான் தெரியவந்தது. கதை உண்மைதான், ஆனால் பாதிக் கதை. ஒளிரும் கனிமங்களைத் தந்தை காலத்திலிருந்தே ஆராய்ந்த குடும்பம் அவருடையது. வெயில்தான் காரணம் என்று சில நாள் முன்பு தாமே சொன்னதைக் கைவிட்டு, ஒளிராத யுரேனிய உப்புகளையும், மே மாதத்துக்குள் யுரேனிய உலோகத்தையும் சோதித்தார். மேகத்தின் பங்கு ஓரிரு நாளோடு முடிந்தது.

இதே வகையான ஒரு தற்செயல் ஜாவாவில் தொடங்கிக் கோலாலம்பூருக்கு வந்தது. அதில் நம் வீட்டுப் புழுங்கலரிசிக்கும் இடமுண்டு.

1890 வாக்கில் டச்சு மருத்துவர் எய்க்மனின் ஆய்வுக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. பெரிபெரி நோயாளிகளிடம் காணும் அதே தளர்ச்சி. பிறகு ஒருநாள் அவை தேறத் தொடங்கின. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத்தான் அவை தின்றுவந்தன. புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்திருந்தார். எய்க்மன் இதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவருடைய முதல் விளக்கம் தவறு: அரிசியின் மாவில் நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றார்.

நம்பிக்கை: சரியான கோட்பாடு கிடைத்த பிறகுதான் தீர்வு வரும்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிவதையும் தமிழர்கள் பெரும்பாலும் தப்புவதையும் கண்டார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி; தமிழர்கள் உண்டது புழுங்கல். பச்சரிசியில் ஏதோ நச்சு சேர்கிறது என்று 1907-இல் நூலே எழுதினார். நச்சு எதுவும் இல்லை. ஆனால் புழுங்கலுக்கு மாறுங்கள் என்ற யோசனை உயிர் காக்கக்கூடியது.

அரிசிதான் காரணமா என்பதைக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் சோதித்தவர் வில்லியம் பிளெச்சர். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சயாம் பச்சரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல்; மற்ற உணவெல்லாம் ஒன்றே. தங்கும் இடத்தால் நோய் வந்ததோ என்ற ஐயம் எழாதிருக்க, நடுவில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றிவிட்டார். சுமார் ஓராண்டில் பச்சரிசி உண்டவர்களில் 18 பேரைப் பெரிபெரி கொண்டுபோனது. புழுங்கல் உண்டவர்களில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்கள் அவர்கள். இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. எல்லாம் ஒரு சமையற்காரரால் தற்செயலாக நடந்தது என்று கதை சொல்லும்போது நாம் மறந்துவிடுவது இந்தப் பதினெட்டுப் பேரைத்தான்.

அடுத்து, கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும், ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் மறுபடி சோதித்தார்கள். நஞ்சைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். ஜாவாவில் கிரைன்ஸ் 1901-இலேயே இதைச் சொல்லியிருந்தார். 1926-இல் அதே ஜாவாவில் அந்தப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் தயமின், வைட்டமின் பி1. எய்க்மன் 1929-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம்பிக்கை: வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிதான் உயர்ந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்து மணிக்குள் நகர்கிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ மளிகைக்கடையில் அரிசி வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். அரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும், தங்கிய தயமினில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும்.