காட்டின் ஒலியை எண்ண முடியுமா?

கேள்வி: காட்டில் மைக் வைத்து நாள்கணக்கில் பதிவு செய்தால், அங்குள்ள உயிரின வளத்தைக் கம்ப்யூட்டரே அளந்துவிடுமாமே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். ஒரு நாள் பதிவைக் கேட்க ஒரு முழு நாள் வேண்டும், யாரால் முடியும்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதற்கென்றே ஒரு மென்பொருள் எழுதி, இலவசமாகவும் தருகிறார்கள். அது பதிவை ஒரு நிமிடத் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டிலும், கீழ்ச்சுருதி முதல் உச்சச்சுருதி வரை, ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது, எப்படிப் பரவியிருக்கிறது என்று எண்களாக்கும். மூன்று வகை எண்களுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் பூசினால், நாளின் 1,440 நிமிடமும் ஒரே படம்! விடியல் பறவைக் கூச்சல் ஒரு பக்கம், இரவுப் பூச்சிகள் ஒரு பக்கம் என்று பழகிய கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். எனக்கு இதில் பிடித்ததே அந்தப் படம்தான்.

எண்களை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவை இனங்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே வகைச் சில்வண்டுகள் கூட்டமாக இரைந்தாலும் அளவு மாறும். காற்றும் மழையும் கணக்கைக் குழப்பும். சத்தமின்றி ஊரும் பாம்பு கணக்கிலேயே வராது. எந்தப் பறவை என்று அறிய பேர்ட்நெட் போன்ற வேறு மென்பொருள் உண்டு. அது சொல்லும் பெயரையும் பறவை தெரிந்தவர் ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.