நடையைப் பார்த்துப் பயிற்சி செய்வோம்

இடுப்புவலி, முழங்கால்வலி என்று வருந்தும் அன்பர்கள் பலர், பிறர் செய்யும் தேகப்பயிற்சியைப் பார்த்துத் தாமும் அப்படியே செய்து வருகின்றனர். வலிக்கும் இடம் ஒன்றாகவும் பலவீனமான இடம் வேறொன்றாகவும் இருக்கலாம். இடமறியாது செய்யும் பயிற்சி வீண் உழைப்பாகும். ஆதலின், முதலில் கவனிக்க வேண்டியவை எவை என்று அறிவோம்.

முதலாவது, நிற்கும் நிலை. கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல ஒரு நூலைத் தொங்கவிட்டு, ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நூல் வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னே அமைந்தால், இடுப்பு மூட்டு, தோள்முனை, காதுமடல் ஆகியவற்றை ஒட்டி அது செல்வது நல்ல நிலை. ஆனால், இது அளவுகோலே தவிரத் தீர்ப்பன்று. சற்றுக் கூனியிருந்தும் வலியறியாதவர் உண்டு. நேராக நின்றும் வலியால் வாடுவோர் உண்டு.

இரண்டாவது, நடை. ஒரு குதிகால் நிலத்தில் பட்டு, அதே குதிகால் மீண்டும் படும்வரை ஒரு சுற்று. இயல்பான நடையில் அச்சுற்றில் ஏறக்குறைய 60 விழுக்காட்டு நேரம் அக்கால் நிலத்திலும், 40 விழுக்காடு காற்றிலும் இருக்கும். வலியுள்ள காலை நாம் அறியாமலே விரைந்து தூக்கிவிடுவோம். ஆகவே, எந்தக் கால் நிலத்தில் குறைவாகத் தங்குகிறது என்று பாருங்கள். சிலமுறை போய்வரச் செய்து, நடை இயல்பான பின்னரே கவனிப்பது நல்லது.

மூன்றாவது, ஒற்றைக்காலில் நிற்றல். ஜெர்மானிய அறுவை வைத்தியர் டிரெண்டலன்பர்க் 1895-இல் விளக்கிய சோதனை இது. இடக்காலில் நின்று வலக்காலைத் தூக்கும்போது வலப்பக்க இடுப்பு கீழே சரிந்தால், பலவீனம் பெரும்பாலும் வலப்பக்கத்தில் அன்று. தாங்கி நிற்கும் இடப்பக்க இடுப்புத் தசையில்தான். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இத்தகையவர் வலப்பக்கமாகப் படுத்து, மேலிருக்கும் இடக்காலை மடக்காமல் மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். மூட்டு நோயாலும் இடுப்பு சரியலாம். ஆகவே, வலியிருந்தால் வைத்தியரிடம் காட்டிய பிறகே தொடங்குக.

நான்காவது, முதியோருக்கானது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரும் நேரத்தைக் கணக்கிடுக. அருகில் ஒருவர் துணை நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழுந்துவிடும் அபாயம் உண்டென்று கொள்ளலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்தல், மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல் ஆகியவை கால்களுக்கு வலுவூட்டும்.

பாதம் தரையில் இழுபட்டாலும் கால் மரத்துப்போனாலும் பயிற்சியை நிறுத்தி வைத்தியரை நாடுக. நடை திடீரென மாறினாலோ, ஒருபக்கக் கைகால் திடீரெனச் சோர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே நாழிகை கடத்தலாகாது.

கண்டவற்றைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி வைப்போம். ஆறு வாரம் பயிற்சி செய்தபின் அதே சோதனைகளை மீண்டும் செய்து ஒப்பிட்டால், பலன் உண்டா இல்லையா என்பது நமக்கே விளங்கும்.