வெயில் ஊருக்கு வால்வு எதற்கு?

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. தாராபுரம் பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் ஓட்டை ஒடிசலான மாஸி 1035 டிராக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார். தேற்றி உழவுக்கு விடப்போகிறாராம். பார்க்க வரச் சொன்னார், போனேன். பானெட்டைத் தூக்கி, தெர்மோஸ்டாட் உட்கார வேண்டிய கூட்டைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள ஒண்ணுமில்லீங்க சார். மெக்கானிக் கழட்டிப் போட்டுட்டாரு. அது வெள்ளைக்காரன் குளிருக்கு வெச்சதாமா. நம்ம வெயிலுக்கு எதுக்குங்க? இப்ப பாருங்க, வண்டி ஜில்லுனு ஓடுது."

தொழிற்பயிற்சி நிலையத்தில் 28 வருஷம் டிராக்டர் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்தவன் நான். இவருக்கும் எடுத்தேன். அன்றைக்கு இவர் வகுப்பில் இல்லை போலிருக்கிறது.

ஜில்லென்று ஓடுகிறதே, அதுதான் தம்பி வியாதி.

கணக்கைப் பாருங்கள். சித்திரையில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். எஞ்சினுக்குள் சுற்றும் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு 80 டிகிரிக்கு மேல். 40 எங்கே, 80 எங்கே? நம் ஊர் அக்னி நட்சத்திரமும் எஞ்சினுக்குக் குளிர்தான். லண்டன் பனிக்கும் தாராபுரம் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் பெரிது. டீசல் எரிகிற சிலிண்டருக்கு இரண்டுமே ஒன்றுதான்.

தெர்மோஸ்டாட் என்கிற அந்த வால்வு என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பேச்சே வராது. பித்தளைக் குப்பிக்குள் கொஞ்சம் மெழுகு, ஒரு ஸ்பிரிங், ஒரு தட்டு. அவ்வளவுதான் சாமான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டு மூடியிருக்கும்; தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பிளாக்குக்குள்ளேயும் ஹெட்டுக்குள்ளேயும் சுற்றிச் சீக்கிரம் சூடேறும். 80 டிகிரியை ஒட்டி மெழுகு உருகிப் பருத்துத் தட்டைத் தள்ளும், வழி திறக்கும். ரொட்டவேட்டர் போட்டு மே மாதத்தில் ஓட்டும்போது வழி முழுக்கத் திறந்தே இருக்கும். அப்போது வால்வைக் கழற்றுவதால் என்ன லாபம்? திறந்து கிடக்கிற வாசலில் கதவைப் பெயர்த்தால் காற்று அதிகமாகவா வரும்? சில எஞ்சின்களில் தலைகீழாகவே ஆகும். வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். வால்வே இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். பாரம் ஏறினால் கொதிக்கும்.

இனி, வண்டி ஜில்லென்று ஓடினால் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் எந்த வருஷமும் ஒருவனும் நம்பியதில்லை. டீசலில் இருக்கும் ஹைட்ரஜன் வேறு எங்கே போகும்? எஞ்சின் சூடாக இருந்தால் அந்த ஆவி சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். லைனர் சுவர் குளிர்ந்திருந்தால் அங்கேயே வியர்க்கும். டீசலில் இருக்கும் கந்தகம் எரிந்து வந்த புகை அந்த வியர்வையில் கரைந்து கந்தக அமிலமாகும். லைனரை அரிப்பது அதுதான்.

"இப்போது வரும் டீசலில் கந்தகம் கிடையாதே" என்று ஒரு விவரமானவர் கேட்டார். சரிதான். பி.எஸ். 2 டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருந்தது, பி.எஸ். 4-ல் 50 ஆனது, 2020 ஏப்ரலிலிருந்து 10. அமிலம் பெரிதும் குறைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் குறைந்ததா? குளிர்ந்த சிலிண்டரில் அரைகுறையாக எரிந்த டீசல் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவுவது நின்றதா? பிஸ்டன் அலுமினியம். சூட்டில் விரிந்து பொருந்தும்படி அளவெடுத்தது. குளிர்ந்தே ஓடினால் அது லைனருக்குள் தொளதொளவென்று தட்டிக்கொண்டே கிடக்கும்.

அந்த 1035-இன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூடியின் அடிப்பக்கம் மோர்க்குழம்பு நிறத்தில் பிசுக்கு. தீவனம் ஏற்ற ஒரு நடை, சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டுபோக ஒரு நடை. வண்டியின் ஒரு நாள் பாடு அவ்வளவுதான். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. டீசல் எரிந்து பிறந்த தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிப் போகாமல் ஆயிலில் தங்கிவிடுகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று அந்த மெக்கானிக்கே பயமுறுத்தியிருக்கிறார். கேஸ்கட்டுக்கு ஒன்றுமில்லை. அவர் கழற்றிப் போட்ட வால்வுதான் காரணம். புதிதைப் போட்டு, ஆயிலை மாற்றி, இரண்டு வாரம் ஓட்டிய பிறகு மூடி சுத்தமாக இருந்தது.

'வெள்ளைக்காரன் சாமான்' என்கிற பேச்சு எனக்கு இன்னும் எரிச்சல். மாஸியின் பூர்வீகம் இங்கிலாந்துதான், 1956-இல் வந்த ஃபெர்குசன் 35-இன் வழிவந்த வண்டிதான். ஆனால் நம் கையில் இருப்பது 1960-இல் தொடங்கிய டாஃபே இங்கே செய்தது. எஞ்சின் சிம்சன். 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கி, பிறகு பெர்கின்ஸ் எஞ்சினைச் சென்னை செம்பியத்திலேயே செய்த கம்பெனி. செம்பியத்தில் என்ன, பனியா பெய்கிறது? அந்த வெயிலில் வேர்த்து வேலை செய்தவர்களுக்கு வால்வு வேண்டாமென்று தோன்றியிருந்தால் முதல் வேலையாக அந்தச் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

பிறகு ஏன் இந்த வதந்தி சாகவில்லை? கழற்றினால் மீட்டர் முள் உடனே இறங்குகிறது, அதனால்தான். லாபம் அன்றைக்கே கண்ணில் தெரியும். நஷ்டம் இரண்டு மூன்று வருஷம் கழித்து ரிங் வேலை, லைனர் வேலையாக வரும். அப்போது யாருக்கு வால்வு ஞாபகம் இருக்கும்? மெழுகு கெட்டு வால்வு மூடியபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. நடுக்காட்டில் அப்படிக் கொதித்தால் ஆறவிட்டுக் கழற்றுங்கள், வீடு வந்து சேருங்கள். அடுத்த நாள் புதிது போடுங்கள். அந்த அடுத்த நாள்தான் நம் ஊரில் வருவதே இல்லை.

(பழைய ஐஷர் ஏர்கூல் வைத்திருப்பவர்கள் இவ்வளவையும் படித்தது வீண். உங்கள் வண்டியில் தண்ணீரே கிடையாது. காற்றுக் குளிர்ச்சி விலாக்களில் அடைந்திருக்கும் மண்ணைச் சுரண்டுங்கள், போதும்.)

வண்டி நிஜமாகவே கொதிக்கிறதா? ரேடியேட்டர் கண்களில் சோளத்தட்டுத் தூசும் வைக்கோல் பொடியும் அடைத்திருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருக்கும். மூடி சாதாரண மூடி இல்லை. உள்ளே அழுத்தம் பிடித்துவைத்து, தண்ணீரை 100 டிகிரியில் கொதிக்கவிடாமல் தள்ளிப்போடுவது அதுதான். பழைய துணியைச் சுருட்டி அடைத்திருக்கிற மூடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் நாம் ஊற்றுகிற தண்ணீர். நம் பக்கம் ஆயிரம் அடி ஆழத்திலிருந்து ஏறும் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அடுப்பில் வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படியும். அதையே கொண்டுபோய் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். ஹெட்டின் நீர்வழிகளில் அந்தச் சுண்ணாம்பு படிகிறது. நகத்தின் தடிமனுக்குப் படிந்தாலே போதும், அதைவிடப் பல மடங்கு தடித்த இரும்பைக்காட்டிலும் அதிகமாகச் சூட்டைத் தடுத்து வைக்கும். மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். ஓட்டுக் கூரையில் முதல் மழை கழுவிப்போன பிறகு இரண்டாவது மழையில் துணி கட்டி ஒரு பிளாஸ்டிக் குடம் பிடித்து வைத்தால் டிராக்டருக்கு ஒரு வருஷத்துக்குக் காணும். ஒரு குடத்துக்குப் பிடிக்கிறவர்கள் ஒரு தொட்டிக்குப் பிடிக்கலாம். தொட்டிக்குப் பிடிக்கிறவர்கள் போரை இன்னும் இருநூறு அடி இறக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். இதை நான் கல்யாண வீட்டில்கூடச் சொல்கிறேன் என்று என் மருமகள் சலித்துக்கொள்கிறாள். சொல்லத்தான் செய்வேன். மொட்டை மாடியில் விழுகிற நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு உப்புத் தண்ணீருக்கு மோட்டார் போடுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறதா இல்லையா?

கூலன்ட் பனிக்குத்தான் என்பது இதே குடும்பத்துப் பொய். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். மழைத்தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். எத்தனைக்கு எத்தனை என்பது டப்பாவிலேயே இருக்கிறது.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. புகை அடிக்கிற பழைய எஞ்சினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். புகை கொஞ்சம் அடங்கும், எஞ்சினும் சேர்ந்து அடங்கும். கரியைச் சுமந்து ஃபில்டருக்குக் கொண்டுபோகக் கியர் ஆயிலுக்குத் தெரியாது. காலையில் அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டுமாம். பாரமில்லாமல் டீசல் எஞ்சின் சூடாகாது, ஈரக்கரிதான் சேரும். ஓரிரு நிமிஷம் பொறுத்து மெல்லக் கிளம்புங்கள். கழித்த ஆயிலை வடிகட்டி டீசலில் கலக்கிற சிக்கனக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் வேட்டித்துணி எதை வடிகட்டும்? பெயின்ட் அடித்தால் பாதி வேலை முடிந்தது என்பதற்குப் பதில் அந்த 1035-தான். ரேடியேட்டர் கண்களுக்கும் கிரீஸ் நிப்பிள்களுக்கும் சேர்த்தே சிவப்பு அடித்து வைத்திருந்தார்கள்.

டயரில் தண்ணீர் நிரப்புவது மட்டும் புரளி இல்லை. பின் டயரில் முக்கால் அளவு நிரப்பினால் உழவில் பிடிமானம் கூடும். பெரியவர்கள் சொன்னது அங்கே சரி.

கடைசியாக, கழற்றிப் போட்ட வால்வு பட்டறை மூலையில் கிடந்தால் தேடி எடுங்கள். எத்தனை டிகிரி என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்துச் சூடேற்றுங்கள். அந்த டிகிரியை ஒட்டித் தட்டு நகரத் தொடங்கினால் நல்ல வால்வு. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லையென்றால் தூக்கி எறியுங்கள். காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டர் வேண்டாம், வெடித்துவிடும். பால் பாத்திரத்தையும் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அன்று சாயங்காலம் எனக்கு வரக்காப்பிதான் கிடைத்தது.