நியான் மீன்களின் உறவுமுறை

வண்ணமீன் விற்கும் கடைக்குப் போயிருக்கிறீர்களா? கண்ணாடித் தொட்டியில் ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுள்ள சிறு மீன்கள் கூட்டமாக நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் பளபளக்கும் நீலக் கோடு. அதன் கீழே சிவப்பு. நியான் விளக்கைப் போல் ஒளிர்வதால் இதற்கு நியான் டெட்ரா என்று பெயர். இதன் தாயகம் தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றின் மேற்பகுதி. இதையும் இதைப் போன்ற இரு மீன்களையும் எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பது நெடுநாள் தீராத வழக்காக இருந்தது. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போம்.

காரசின் வரிசை

நியான் டெட்ரா, காரசின் மீன்கள் என்னும் பெரிய வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசையில் 2,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. கத்தி போன்ற பற்களுள்ள பிரானாவும், கொட்டைகளை நொறுக்கித் தின்னும் பாக்கு மீனும் இதில் அடங்கும். பெரும்பாலானவை தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்கின்றன. ஒரு பகுதி ஆப்பிரிக்காவில் உண்டு. நம் நாட்டு ஆறுகள் இவற்றின் தாயகம் அல்ல. ஆயினும் நம் கெண்டையும் கெளுத்தியும் இவற்றுக்குத் தூரத்து உறவு. காற்றுப்பையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்தும் சிறு எலும்புத் தொடர் இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை 1820இல் விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் வேபர்.

மூன்று மீன்கள், மூன்று பேரினங்கள்

1936இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் நியான் டெட்ராவுக்கு ‘ஹைபெசோபிரைக்கான் இன்னெசி’ என்று பெயரிட்டார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாவது சொல் சிற்றினத்தையும் குறிக்கும்.

பிறகு கார்டினல் டெட்ரா வந்தது. நியானில் சிவப்பு உடலின் பின்பாதியில் மட்டும் இருக்கும். கார்டினலில் உடல் நீளம் முழுவதும் ஓடும். 1956 பிப்ரவரி 20 அன்று ஷுல்ட்ஸ் என்பவர் இதற்கு ‘கைரோடான் ஆக்சல்ராடி’ என்று பெயரிட்டு வெளியிட்டார். மறுநாளே மையர்ஸும் ஸ்டான்லி வைட்ஸ்மனும் இட்ட ‘ஹைபெசோபிரைக்கான் கார்டினாலிஸ்’ என்ற பெயர் வெளியாயிற்று! முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. ஆகவே 1957இல் சர்வதேச விலங்குப் பெயரீட்டு ஆணையம் ‘ஆக்சல்ராடி’ என்பதே செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பெயர்ச் சண்டை தீர்ந்தது. உறவுச் சிக்கல் தீரவில்லை. 1960இல் பிரெஞ்சு அறிஞர் ழாக் ஜெரி நியானுக்காக ‘பாராகைரோடான்’ என்ற புதிய பேரினத்தை அமைத்தார். 1963இல் மூன்றாவதான பச்சை நியானை அவரே ஹைபெசோபிரைக்கானில் வைத்தார். பார்வைக்கு உடன்பிறப்புகளைப் போன்ற மூன்று மீன்கள் மூன்று பேரினங்களில்!

எந்த ஒற்றுமை சான்றாகும்?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்ன? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐகன்மன் என்ற அறிஞர் காரசின்களை விரிவாக வகைப்படுத்தினார். மேல்தாடைப் பற்கள் எத்தனை வரிசை? பக்கக்கோடு முழுமையானதா? வால்துடுப்பின் மேல் செதில் உண்டா? இத்தகைய அடையாளங்களைக் கொண்டு பேரினங்கள் பிரிக்கப்பட்டன. மீனை இனங்காண இவை உதவும். உறவை அறிய இவை போதுமா?

ஒரு தேர்வை எண்ணிப் பாருங்கள். பத்து மாணவர்கள் விடையில் அலகு எழுத மறந்திருந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர் என்று சொல்ல முடியாது. அது யாரும் தனித்தனியே செய்யக்கூடிய பிழை. ஆனால் மூவர் விடைத்தாளில், வேறெவரும் செய்யாத வினோதப் பிழைகள் பல ஒன்றுபோல் இருந்தால்? மூலம் ஒன்றே என்று ஐயுறுவோம் அல்லவா?

மீன்களிலும் இப்படித்தான். உடல் சிறுத்த மீன்களில் பல் குறைவதும், பக்கக்கோடு பாதியில் நிற்பதும் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நிகழ்ந்துள்ளன. இவை அலகை மறந்தது போன்றவை. ஒரு பொது மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழித்தோன்றல்களிடம் மட்டும் காணப்படும் பண்புகளே நெருங்கிய உறவுக்குச் சான்று.

வைட்ஸ்மனும் வில்லியம் ஃபிங்க்கும் இந்த நோக்கில் மூன்று மீன்களையும் ஆராய்ந்து, 1983இல் மூன்றையும் பாராகைரோடான் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தனர். ஆம், 1956இல் கார்டினலை ஹைபெசோபிரைக்கானில் வைத்தவர்களுள் ஒருவரான அதே வைட்ஸ்மன்தான்! சான்று மாறியபோது தம் பழைய கருத்தை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

நீலக் கோட்டின் இயற்பியல்

அந்த நீலத்துக்குக் காரணம் நீலச் சாயம் அன்று. தோலின் செல்களில் குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. சோப்புக் குமிழியில் போலவே, தகடுகளில் எதிரொளிக்கும் ஒளியலைகள் குறுக்கிட்டு நிறம் தோன்றுகிறது. தகடுகளுக்கிடையே உள்ள தூரம் மாறினால் நிறமும் மாறும். அதனால்தான் இருளில் இந்தக் கோடு ஊதா நிறம் நோக்கி மாறுகிறது.

இன்று டி.என்.ஏ. ஆய்வு வகைப்பாட்டுக்குத் துணை நிற்கிறது. ஹைபெசோபிரைக்கான் என்ற பேரினமே ஒரு மூதாதை வழி வந்த கூட்டம் அன்று என்று அது காட்டியுள்ளது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, காரசின் குடும்பத்தையே நான்கு குடும்பங்களாகப் பிரித்தது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது நியானையும் கார்டினலையும் அருகருகே பாருங்கள். அவற்றின் ஒற்றுமைகளைப் பட்டியலிடுங்கள். பின், ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘இது அலகை மறந்ததா, வினோதப் பிழையா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.