பலவீனத்தின் பயன்

திருப்பூர்ப் பனியன் துணியை நாம் இழுத்தால் நெகிழ்கின்றது, விட்டால் மீள்கின்றது. தறித்துணியில் பாவும் ஊடையும் இறுகி நிற்றலின் அந்நெகிழ்ச்சி இல்லை. பின்னலிலோ நூல் வளையம் வளையமாகத் தளரக் கோக்கப்படுகின்றது. ஓரிழை அறுந்தால் வரிசையாகப் பிரிவது அதன் குறையே. ஆயினும் உழைப்பாளியின் உடலோடு இயைந்து அசைவது அத்தளர்ச்சியினாலன்றோ?

கூடாரம் செய்து பிழைத்த பவுல் அப்போஸ்தலர் இதனைத் தம் வாழ்வில் அறிந்தவர். தம் மாமிசத்திலுள்ள முள் நீங்குமாறு மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபையே கிடைத்தது. அதன்பின் தம் பலவீனத்தையே மேன்மையாகப் பேசினார் என்பது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 12-ஆம் அதிகாரத்தால் விளங்கும். (அம்முள் யாதென்று அறிஞர் வாதிடுவர், நமக்கு அது வேண்டுவதில்லை.)

நம் நாட்டிலும் சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளைக் காத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-ஆம் ஆண்டு களக்காட்டில் குழியொன்றில் விழுந்து கால் முறிந்தார். 1951-இல் மறையும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். ஓடியாடி உழைத்தவருக்கு இது கொடிதே; இனிதென்று சொல்ல நாம் துணியோம். எனினும் நலமுள்ளோர் எழுதும் ஆறுதல் படுக்கையில் கிடப்போரைத் தொடுவதில்லை என்பதை அவர் அங்கேதான் கண்டார். நோயாளியாகவே நோயாளர்க்கு அவர் எழுதிய மடல்கள் 1933-இல் நூலாயின. நடந்து திரிந்த நாளில் அந்நூலை அவர் எழுதியிருக்க இயலாது.