யாருக்காக எழுதுகிறோம்?



நல்ல இணையதளம் எது? கலர் கலரா படம் இருந்தா, எழுத்து ஓடினா நல்ல தளம்னு நானும் நினைச்சேன். அது தப்பு. தேடி வந்தவருக்கு வேண்டிய செய்தி சட்டென்று கிடைக்க வேண்டும், கிடைத்தது புரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நடத்துவதே பயன்பாட்டுச் சோதனை.

உண்மைச் சம்பவம்

நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் புதுச்சேரி. அதன் அருகில் வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயர முன்கணிப்பு வந்துகொண்டிருந்தது. ஆனால் கரையில் வலை பிரிப்பவர் அதை எங்கே போய்ப் பார்ப்பார்? ஆகவே மையத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். செய்தி அதேதான். கேட்பவருக்கு ஏற்றபடி சொன்னதால் பயன்பட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, நல்லவாடு என்ற ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரிக்கை வந்தது. அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்ததால் மக்கள் ஓடித் தப்பித்தார்கள்.

நான் செய்த சோதனை

சோதனைக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். தாளில் பக்கத்தை வரைந்தே சோதிக்கலாம். 5 பேரிடம் காட்டினாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று யாக்கோப் நீல்சன் என்ற நிபுணர் 2000-இல் எழுதினார்.

நானும் மீனவர்களுக்கான ஒரு பக்கத்தை வரைந்தேன். மேலே பெரிசா கடற்கரைக் கோயில் படம். கீழே, 'அலை உயரம் 2.5 மீட்டர், காற்று வடக்கிலிருந்து' என்று வரிசையாக எழுதினேன். கடைசி வரியில், 'கடலுக்குச் செல்ல வேண்டாம்.' 5 பேரிடம் காட்டி ஒரே கேள்வி கேட்டேன்: "நாளைக்குக் கடலுக்குப் போலாமா? இதைப் பார்த்துச் சொல்லுங்க."

1. ஆறாம் வகுப்புத் தம்பி கோயில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
2. சித்தப்பா, "ரெண்டரை மீட்டர்னா எவ்ளோ ஒசரம்? அடியில சொல்லு. வடக்குக் காத்த வாடைன்னு எழுதேன்" என்றார்.
3. மீன் விற்கும் அத்தை, "இது இன்னிக்குப் போட்டதா, நேத்துப் போட்டதா?" என்றார். நான் தேதியே போடவில்லை!
4. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. "நீயே வாயால சொல்லேன்டி" என்றார்.
5. பக்கத்து வீட்டு மாமா பாதி வரை படித்துவிட்டு, "தாராளமா போலாம்" என்றார்.

எனக்குப் பகீர்னு ஆச்சு. அவர் நிஜமாவே போயிருந்தா? மாமா மேல் தப்பில்லை. முக்கியமான வரியை அடியில் ஒளித்து வைத்தது நான்தான்.

திருத்தி எழுதினேன். முதல் வரி, தேதியோடு, 'நாளை கடலுக்குப் போகாதீர்கள்.' அடுத்து, 'அலை 8 அடி, ஆள் உயரத்துக்கும் மேல். வாடைக் காற்று.' கோயில் படத்தை எடுத்துவிட்டேன். ஆயாவுக்காக, தொட்டால் குரல் கேட்கும்படி ஒரு பொத்தான் வரைந்தேன். இதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். முதல் வரியைப் பார்த்ததுமே, "போகக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள்

* யார் படிப்பார்கள் என்று முதலில் எழுதுங்கள்.
* அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலை முதல் வரியில் வையுங்கள்.
* அவர்கள் பேசும் சொல்லையே எழுதுங்கள்.
* சோதிக்கும்போது உதவி செய்யாதீர்கள். வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். (எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது!)
* தடுமாறினால் அவரைத் திருத்தாதீர்கள், பக்கத்தைத் திருத்துங்கள்.

சுற்றறிக்கை, பேருந்துப் பலகை, நம் சுவர் இதழ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நாளை மதிய இடைவேளையில் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் நிற்பேன். எந்த வரி புரியலையோ அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தப்பு உங்கள் மேல் இல்லை!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி