வயிற்றில் சத்திர சிகிச்சை, தோளில் ஏன் நோவு?



சூலகக் கட்டிக்கோ கருப்பை நோய்க்கோ பதுளையிலோ கண்டியிலோ சாவித்துவார முறையில் சத்திர சிகிச்சை பெற்று லயத்துக்குத் திரும்பும் பெண்களுக்கு ஒரு திகைப்பு உண்டு. காயம் வயிற்றில், நோவோ தோளில்! "ஊசி பிழைத்துவிட்டது" என்றும், "வாய்வு ஏறிவிட்டது" என்றும் அயலார் சொல்வார்கள். இரண்டாவது பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

1940களில் பாரிஸ் நகரில் வைத்தியர் ரவூல் பால்மர் பெண் நோய்களுக்குப் பயன்படுத்திப் பரப்பிய முறை இது. உள்ளே பார்ப்பதற்கு இடம் வேண்டும் என்பதால் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்கிறார்கள். முடிவில் அதை வெளியேற்றினாலும் சிறிது தங்கிவிடும். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகட்டை உறுத்துகிறது. அத்தகட்டின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், மூளை அதைத் தோள் நோவாக உணர்கிறது. வாயு இரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளியேறிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியும்.

அதுவரை சுருண்டு படுத்திருக்க வேண்டாம். லயத்து வாசலில் மெல்ல நடங்கள். தோளுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் நல்லது, காயத்தின்மேல் வேண்டாம். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். பசறை வளைவுகளில் பஸ் குலுங்கும்போதும் அந்தத் தலையணை உதவும்!

வைத்தியர் தந்த பனடோலை நோவு உச்சத்துக்கு ஏறியபின் விழுங்குவதைவிட, முதல் சில நாட்கள் அவர் சொன்ன நேரப்படி எடுப்பதே பலன் தரும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது; உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் தமக்குரிய அளவைக் கேட்டறிய வேண்டும். நம் தோட்டங்களில் அப்படிப்பட்ட மெலிந்த பெண்கள் அநேகர்.

நோவைத் தாங்குவதே புண்ணியம் என்று மாத்திரையை ஒதுக்கும் தாய்மாரும் உண்டு. 1957 பெப்ரவரி 24 அன்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், நோவு தணிக்கும் மருந்தை ஏற்பது கிறிஸ்தவருக்கு ஆகுமென்றே போதித்தார்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். காயம் சிறியது, உள்ளே செய்த வேலை சிறியதல்ல. தண்ணீர்க்குடம், விறகு, கொழுந்துக்கூடை எதையும் வைத்தியர் அனுமதிக்கும்வரை அவள் தூக்கலாகாது. "பேர் விழாதே" என்று அவளை மலைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நோவு நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு வீங்கி இறுகுதல், அதிக இரத்தப்போக்கு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் எது கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் இரவோடிரவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சத்திர சிகிச்சைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.